ஐந்தாம் பக்கத்து மகள்

மகள் வீட்டை விட்டுப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். அப்பா அப்போது பனியனோடு கட்டிலில் கிடந்தார். பத்திரிகை ஆபீசில் அவருக்கு எப்போதும் சாயங்கால ஷிஃப்ட். ஊருக்கெல்லாம் பகல் என்றால் அவருக்கு அது தூங்குகிற நேரம். பீரோ கதவு கிறீச்சிட்ட சத்தத்தில் கண்ணைத் திறந்தவர், வேலைக்குப் போன பெண் நட்டநடுப் பகலில் துணிகளை அள்ளிப் பைக்குள் திணிப்பதைப் பார்த்தார்.

"என்னம்மா, லீவா?"

"இல்ல."

"உடம்பு கிடம்பு சரியில்லையா?"

அவள் திரும்பவில்லை. "கிளினிக்குக்குக் கன்னம் வீங்கி ஒரு பேஷன்ட் வந்தாருப்பா. வாயே திறக்க முடியாம உக்காந்திருந்தாரு. உங்க பேப்பர்ல அஞ்சாம் பக்கத்தப் பாத்தாரு, என்னப் பாத்தாரு, கஷ்டப்பட்டு வாயத் திறந்தாரு. 'நீ இடியம் சார் மகதானே? மனச விட்றாதம்மா, இவன் இல்லன்னா இன்னொருத்தன்'னாரு. டாக்டரம்மா, நர்ஸு, வரிசையில நின்னவங்க எல்லாரும் கேட்டாங்க."

அப்பா எழுந்து உட்கார்ந்தார். இந்த மாதிரிப் புகாருக்கு அவரிடம் ஒரே ஒரு பதில்தான் உண்டு. பல வருஷமாகப் பல பேரிடம் சொல்லிச் சொல்லி வழவழப்பாகிவிட்ட பதில்.

"பேரு போடலயேம்மா."

"உங்களுக்கு எத்தன மகப்பா?"

அவருக்கு இருப்பது ஒரே மகள். ஜிப்பை இழுத்து மூடினாள், ஒரு பையைத் தோளில் மாட்டி இன்னொன்றைக் கையில் எடுத்தாள். வாசலில் அம்மா புடவைத் தலைப்பைக் கையில் முறுக்கிக்கொண்டு நின்றாள். தடுக்கவில்லை. "சாப்பிட்டாவது போ" என்று மட்டும் சொன்னாள். "போய் போன் பண்றேம்மா" என்றாள் மகள். அப்பா சட்டையைத் தேடி மாட்டிக்கொண்டு வெளியே வருவதற்குள் ஆட்டோ தெருமுனை திரும்பிவிட்டது. எதிர்வீட்டுத் தையல்காரம்மா மிஷினை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள்.

அவர் பத்திரிகையில் புரூஃப் ரீடர். மற்றவர்கள் எழுதியதில் தப்புத் தேடுவது வேலை. அதற்காக யாரும் யாரையும் தெருவில் நிறுத்தி வணக்கம் சொல்வதில்லை. அவருக்கு வணக்கம் வாங்கித் தந்தது ஐந்தாம் பக்கத்தின் வலது மூலையில், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக வருகிற ஒரு கட்டம். தினமும் ஓர் ஆங்கில மரபுத்தொடர். அதற்குப் பொருள், எங்கே பயன்படுத்தலாம் என்று ஒரு குறிப்பு, கடைசியில் ஓர் உதாரண வாக்கியம், அதன் கீழே நம் மொழியில் அர்த்தம். செங்கல் கனத்தில் ஓர் அகராதி வைத்திருந்தார். ஏ எழுத்தில் தொடங்கி வரிசையாக வந்துகொண்டிருந்தார். தாண்டக் கூடாது, முன்பின் மாற்றக் கூடாது என்பது அவர் தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம். பரீட்சை எழுதுகிற பிள்ளைகள் அதை வெட்டி ஒட்டி வைத்துக்கொண்டார்கள். அந்தக் கட்டத்தால்தான் அவர் இடியம் சார் ஆனார்.

ஆரம்பத்தில் உதாரணங்களில் பூனை வந்தது, மழை வந்தது, ஒரு பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். எல்லாம் ஒப்புக்கு. யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. ஒரு நாள் பக்கம் முடிக்கிற அவசரத்தில், வாயில் வந்ததை எழுதினார்: என் மனைவி கோபத்தில் இருக்கும்போது நான் வாயைத் திறப்பதில்லை. மறுநாள் ஆபீசுக்கு அவ்வளவு போன். ஆசிரியர் தன் அறையிலிருந்து எழுந்து வந்து, முதல் தடவையாக அவர் தோளில் கை வைத்து, "கலக்கிட்டீங்க" என்றார். அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அன்றிலிருந்து வீடே உதாரணமாயிற்று. மனைவி சீட்டுப் பிடித்து ஏமாந்தது, மச்சினன் செருப்புக்கடை வைத்து மூடியது, மகள் கணக்கில் கோட்டை விட்டது எல்லாம் அகர வரிசையில் வெளியாயின. மச்சினன் மட்டும் ஒரு தடவை வீடு தேடி வந்து கேட்டான்.

"ஏன் மச்சான், என் கடைய மூடினதுக்கு ஷட்டர் சத்தம்கூட வெளிய கேக்கல. நீங்க ஊருக்கே கேக்க வெச்சிட்டீங்க. பொண்ணு பாக்கப் போன இடத்துல, 'ஓ, அந்தச் செருப்புக்கடையா'ங்கிறாங்க."

"பேரு போடலயேப்பா."

"பேரு போட்டிருந்தா கேஸாவது போட்டிருப்பேன்."

அவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் அதற்கப்புறம் அவர் வீட்டில் இருக்கிற நேரத்தில் வருவதில்லை. மெல்ல மெல்ல அந்த வீட்டில் ஒரு பழக்கம் ஊறிப்போனது. அவர் குளித்துவிட்டு வந்தால் சமையலறையில் பேச்சு நின்றுவிடும். அம்மாவும் மகளும் குழாயைத் திறந்துவிட்டுப் பேசிக்கொள்வார்கள். "என்ன விஷயம்?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல" என்று இரண்டு குரல் ஒன்றாக வரும். அவருக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது. ரெண்டு பேரும் கூட்டுக் களவாணிகள் என்று ஆபீசில் சொல்லிச் சிரித்தார். ஒரு நாள் அதையும் எழுதினார்.

மகள் பல் கட்டுகிற லேபில் வேலை பார்த்தாள். டாக்டர் எடுத்துக் கொடுக்கிற அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஒவ்வொரு பல்லாக உட்கார வைத்து, இழைத்துப் பாலிஷ் போட்டுக் கொடுப்பாள். கைக்குள் அடங்குகிற வேலை, கண் பிசகக் கூடாது. லேபும் டாக்டரம்மாவின் கிளினிக்கும் ஒரே கட்டடம். அங்கே மருந்து கொண்டு வருகிற கம்பெனிக்காரன் ஒருவன் இரண்டு வருஷம் அவளோடு பழகினான். வீட்டுக்கு வந்து பேசுகிறேன் என்றான். பிறகு ஒரு நாள், வேறு இடத்தில் தனக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று லேப் வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுக் கம்பி நீட்டினான். மகள் அதை அம்மாவிடம் மட்டும் சொன்னாள், குழாயைத் திறந்துவிட்டு. அம்மா தாங்க மாட்டாமல் தன் தம்பிக்குப் போன் பண்ணினாள். அப்போது கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்தவர் தூங்கவில்லை.

எல் எழுத்து நடந்துகொண்டிருந்தது. அன்றைக்கு முறை, ஒருவரை நட்டாற்றில் விட்டுவிட்டுப் போவதைச் சொல்கிற தொடருக்கு. அவர் நிஜமாகவே கொதித்துப்போயிருந்தார். அந்தப் பயலின் சட்டையைப் பிடித்துக் கேட்க வேண்டும் என்று கை துடித்தது. கேட்கவில்லை. எழுதினார்: இரண்டு வருஷம் ஆசை காட்டிவிட்டு அவன் என் மகளை நட்டாற்றில் விட்டான். எழுதி முடித்ததும், கேட்டுவிட்ட மாதிரியே இருந்தது.

மகள் போன மூன்றாம் நாள் அம்மா சாப்பாட்டுத் தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு நின்றாள்.

"போன் பண்ணினா. வேற ஊர்ல லேப்ல சேந்துட்டா. ஹாஸ்டல்ல இருக்கா. நல்லா இருக்கா."

"எந்த ஊரு?"

"அது உங்களுக்கு எதுக்கு? ஞாயித்துக்கிழம சாயங்காலம் போன் பண்ணுவா, நீங்க ஆபீஸ் போனப்புறம். ஒரே ஒரு விஷயந்தான் சொன்னா. அவளப் பத்தி பேப்பர்ல ஒரு எழுத்து வரக் கூடாது. வராத வரைக்கும் பேசுவா."

"வந்தா?"

அம்மா அவரையே பார்த்தாள். "கேக்குறதப் பாரு. வந்தாவாம்."

அவர் வாக்குக் கொடுத்தார். காப்பாற்றவும் செய்தார், அதைச் சொல்லியாக வேண்டும். எம் எழுத்து முழுக்கப் பூனையும் மழையும் திரும்பி வந்தன. ஐந்தாம் பக்கத்தைப் பார்த்துக்கொள்கிற பெண், கிட்டத்தட்ட மகள் வயசு, ஒரு நாள் அவர் மேஜைக்கு வந்து, "சார், பூனைக்கு ரிட்டயர்மென்ட் குடுத்திரலாமா? வாசகருங்க உங்க வீட்டுல எல்லாரும் சௌக்கியமான்னு கேக்குறாங்க" என்றாள். அவர் சிரித்து மழுப்பினார்.

திங்கட்கிழமைகளில் மட்டும் மனைவியின் முகத்தைப் பார்த்துக்கொள்வார். முகம் தெளிவாக இருந்தால் மகள் நன்றாகப் பேசியிருக்கிறாள். பாத்திரத்தை நங்கென்று வைத்தால் ஏதோ சரியில்லை. ஜாடை பார்த்தே மகளோடு குடித்தனம் நடத்தினார். சில சமயம் மனைவியே மனம் இரங்கி ஒரு துணுக்குப் போடுவாள். "சளி பிடிச்சிருக்காம்." "சம்பளம் கூட்டிக் குடுத்திருக்காங்களாம்." அவர் அதை மென்று மென்று ஒரு வாரம் வைத்திருப்பார். ஒரு தடவைகூட, போனைக் குடு, ரெண்டு வார்த்தை பேசுகிறேன் என்று அவர் கேட்டதில்லை. என்ன பேசுவது என்று தெரியவில்லை. வாயால் பேசுகிற வழக்கமே அந்த மனுஷனுக்கு விட்டுப்போயிருந்தது.

ஒரு வருஷம் இப்படி ஓடியது. மனைவிக்குக் கண்ணில் புரை விழுந்து ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். அந்தத் திங்கட்கிழமை அவள் தட்டை மெதுவாக வைத்தாள்.

"அடுத்த மாசம் வரேன்னிருக்கா. ஆபரேஷனுக்கு. பத்து நாள் லீவு போட்டுட்டு."

அவர் கையில் எடுத்த சோறு அப்படியே நின்றது.

"இங்கயா?"

"இங்கதான். வேற எங்க? உங்ககிட்ட சொல்லட்டுமான்னு கேட்டேன். சொல்லுன்னா. அதனால சொல்றேன். அவ வர்ற வரைக்கும் வாய மூடிக்கிட்டு இருங்க, சாமி. அவ்வளவுதான் உங்களுக்கு வேலை."

அன்று சாயங்காலம் ஆபீசுக்கு அவர் நடந்தே போனார். பஸ் பிடிக்கத் தோன்றவில்லை. மேஜையில் உட்கார்ந்து அகராதியைத் திறந்தால், 'என்' எழுத்தில் அன்றைய முறை 'நைதர் ஹைட் நார் ஹேர்'.

அவர் எழுதினார். ஹைட் என்றால் விலங்கின் தோல். ஹேர் என்றால் மயிர். தொலைந்துபோன ஆட்டைத் தேடிப் போனவனுக்குத் தோலும் தென்படவில்லை, மயிரும் தென்படவில்லை என்றால் அது போயே போய்விட்டது என்றுதான் அர்த்தம். அறவே காணாமை. ஆளையே காணோம், சுவடே இல்லை, அட்ரஸே இல்லை என்று நாம் சொல்வதைப் போல. பயன்பாடு: இல்லை, காணவில்லை என்று முடிகிற வாக்கியத்தில் மட்டுமே வரும். தோலையும் மயிரையும் பார்த்தேன் என்று யாரும் சொல்வதில்லை. வந்திருக்க வேண்டியவர் வராதபோது சொல்வது.

ஐந்தாம் பக்கத்துப் பெண் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "சார், மயிர மட்டும் எடுத்திருங்க. காலங்காத்தால வாய்ல பிரஷ்ஷ வெச்சுக்கிட்டுப் படிக்கிறாங்க. முடின்னு போடுங்க."

"முடின்னா கடுமை குறைஞ்சிருதேம்மா."

"கடுமைக்கு உதாரணத்துல வழி பண்ணுங்க சார்."

அவள் விளையாட்டாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவர் பேனாவைக் கீழே வைத்தார். பூனை நினைவுக்கு வந்தது. பூனையைக் காணோம் என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம், ஒரு பாவமும் இல்லை. ஆனால் ஒரு வருஷமாக நெஞ்சுக்குள் கிடந்த கனம் இந்த ஒரு தொடருக்குள் கச்சிதமாகப் போய் உட்கார்ந்துகொண்டது. இதைப் படித்தால் அப்பா தன்னைத் தேடியிருக்கிறார் என்று அவளுக்குத் தெரியும், வருகிறபோது கொஞ்சம் இளகிய மனசோடு வருவாள் என்று நினைத்தார். ஏசவில்லையே, குற்றம் சொல்லவில்லையே, பாசத்தைத்தானே எழுதுகிறோம், இது கணக்கில் சேராது என்று தனக்குத்தானே வக்கீல் வைத்து வாதாடி ஜெயித்தார். எழுதினார்: என் மகள் போய் ஒரு வருஷம் ஆகிறது, அன்றிலிருந்து அவளை அறவே காணோம். ஒரு முடிகூடக் கண்ணில் படவில்லை.

வாரா வாரம் பேசிக்கொண்டிருந்த பெண். அடுத்த மாசம் பையோடு வந்து இறங்கப்போகிற பெண். அவளைத்தான் ஊரறிய இல்லை என்று எழுதினார். எழுதும்போது கண் கலங்கியது என்பதும் உண்மை.

காலையில் மனைவி பேப்பரைக் கண்ணருகே பிடித்து, மங்கிய கண்ணால் எழுத்துக் கூட்டிப் படித்தாள். கத்தவில்லை. மடித்து டிவி மேல் வைத்தாள்.

"அவ பாக்க மாட்டா" என்றார் அவர். "வெளியூருக்கெல்லாம் நம்ம பேப்பர் போறதில்ல."

"போன்ல போகுது."

"தப்பா ஒண்ணும் எழுதலயே. பாத்தா சந்தோஷந்தான் படுவா. அப்பா இவ்வளவு..."

"இந்த வீட்ல உங்க சந்தோஷத்துக்கு யாரு சந்தோஷப்பட்டிருக்கா?"

அன்று ஆபீசில் போன்கள் வந்துகொண்டே இருந்தன. ஒரு வாசகி அழுதேவிட்டாள். உங்கள் மகள் சீக்கிரம் திரும்பி வருவாள் என்று முகம் தெரியாத ஆட்கள் ஆறுதல் சொன்னார்கள். ஆசிரியர் மறுபடி தோளில் கை வைத்தார். கைக்கு அடியில் அவருக்குக் கூசியது.

ஞாயிற்றுக்கிழமை அவர் ஆபீசுக்குப் போகவில்லை. மனைவி போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இருட்டியும் விளக்குப் போடவில்லை. கடைசியில் அவளே கூப்பிட்டாள். நீங்கள் அழைத்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் பணிவாகச் சொன்னது. திரும்பத் திரும்ப, அலுக்காமல் சொன்னது.

மச்சினன்தான் முதலில் அவள் இருந்த ஊருக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். அவள் கணக்கை முடித்துக்கொண்டு போய்விட்டாள், எந்த ஊருக்கு என்று சொல்லவில்லை என்றார்களாம். அவருக்கு நம்பிக்கை இல்லை. மச்சினனை நச்சரித்து ஊர்ப் பெயரை வாங்கிக்கொண்டு தானே போனார். லேபில், அவர் யாரென்று தெரிந்ததும் கூட வேலை பார்த்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் உட்கார்ந்த ஸ்டூலில் வேறு ஒருத்தி உட்கார்ந்து பல் இழைத்துக்கொண்டிருந்தாள். ஹாஸ்டல் வார்டன் மாடி அறையைத் திறந்துகூடக் காட்டவில்லை.

"என்ன சார் பாக்கப் போறீங்க? சுத்தமாத் தொடச்சு விட்டுட்டுத்தான் போச்சு. புதுப் பொண்ணும் வந்தாச்சு. எதையும் வெச்சிட்டுப் போற டைப் இல்ல சார் அந்தப் பொண்ணு."

"என்னப் பத்தி ஏதாவது பேசுவாளா?"

வார்டன் கையை விரித்தாள். "அப்பா இருக்காருன்னே எங்களுக்குத் தெரியாது சார்."

திரும்பி வந்ததும் அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. ஐந்தாம் பக்கத்திலேயே மன்னிப்புக் கேட்டால் என்ன? அவள் எங்கே இருந்தாலும் பார்ப்பாள் இல்லையா? மனைவியிடம் சொன்னார். அவள் அரிவாள்மணையிலிருந்து நிமிராமலே பதில் சொன்னாள்.

"எழுதுங்க. தாராளமா எழுதுங்க. அடுத்த உதாரணம் நான்தான். நான் எங்க போனேன்னும் சேத்து எழுதிக்கலாம்."

அவர் எழுதவில்லை. அந்த வாரமே கட்டத்தை ஐந்தாம் பக்கத்துப் பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டார். 'என்' எழுத்தோடு அவர் வேலை நின்றது. அகராதியில் பாக்கி இருந்த எழுத்துகளை அவள் கம்ப்யூட்டரில் தேடி மளமளவென்று முடித்தாள். உதாரணங்களில் பூனை வந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை.

கண் ஆபரேஷனுக்கு மனைவி தம்பியோடு போய்விட்டு வந்தாள். கட்டுப் பிரித்த அன்று பார்வை தெளிந்திருந்தது. அவரை ஒரு தடவை பார்த்துவிட்டு, சுவரில் ஒட்டடை அடிக்காமல் விட்டிருக்கிறீர்களே என்றாள். அப்புறம் அவர் ஓய்வு பெற்றார். சால்வை போட்டார்கள். மற்றவர்களைப் போலவே அவருக்கும் பகல் பகலாகவும் இரவு இரவாகவும் ஆயின. வீட்டில் இரண்டே பேர். சாப்பாடு, மாத்திரை, கரண்ட் பில், இதைத் தாண்டி ஒரு பேச்சு இல்லை. சிலநேரம் அவளைச் சிரிக்க வைக்க ஏதாவது சொல்லிப் பார்ப்பார். அவள், "உம்" என்பாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் போனைச் சார்ஜில் போட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து கீரை ஆய்வாள். எதற்கு என்று அவர் கேட்டதில்லை.

வருஷங்கள் போயின. பத்திரிகை அச்சு ஓடுவது நின்று, போனில் மட்டும் வர ஆரம்பித்தது. தையல்காரம்மா மிஷினை விற்றுவிட்டுப் பிள்ளையோடு போய்விட்டாள். இடியம் சார் என்று கூப்பிட ஆள் இல்லாமல் அவர் வெறும் பெரியவர் ஆனார்.

அப்படி ஒரு புதன்கிழமை காலை. மனைவி குளிக்கப் போயிருந்தாள். சாப்பாட்டு மேஜையில் அவள் போன் கிர்ரென்று அதிர்ந்து கொஞ்சம் நகர்ந்தது. விழுந்துவிடப் போகிறதே என்று பிடித்து உள்ளே தள்ளினார். திரையில் தெரியாத நம்பர் ஒன்று. கீழே எழுத்துகள்.

அம்மா, நான்தான். நல்லா இருக்கேன். இதான் நம்பர். அப்பாகிட்ட சொல்லாத.

அதற்குக் கீழே இன்னும் இருந்தது. விரலால் தொட்டால் திறந்துகொள்ளும். எவ்வளவு நீளமோ, என்னவெல்லாம் எழுதியிருக்கிறாளோ, ஒரு போட்டோகூட இருக்கலாம். அவர் விரலை நீட்டினார். திரை அதற்குள் தானாக இருண்டுவிட்டது. குளியலறையில் குவளை வைக்கிற சத்தம் கேட்டது. போனை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றார்.

மனைவி ஈரத் தலையைத் துண்டால் சுற்றிக்கொண்டு வந்தாள். போனை எடுத்தாள். படித்தாள். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே மறுபடி படித்தாள். பிறகு சமையலறைக்குள் போனாள். குழாய் திறக்கிற சத்தம் வந்தது. தண்ணீர் ரொம்ப நேரம் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே வந்தபோது முகத்தை நன்றாகக் கழுவியிருந்தாள். இவ்வளவு வருஷத்தில் அவர் பார்த்திராத முகம்.

"யாரு, மெசேஜா?" என்றார், ஜன்னலைப் பார்த்தபடி.

"காஸ் கம்பெனிக்காரங்க. நாளைக்கு சிலிண்டர் வருதாம்."

"சரி" என்றார்.

மறுநாள் சிலிண்டர் வரவில்லை. ஏன் வரவில்லை என்று அவர் கேட்கவில்லை.